பழைய எஞ்சின் ஸ்டார்ட் ஆகல – பாயிண்ட், கண்டன்சர், காயில் எல்லாம் மாத்தியும் ஸ்பார்க்கே வரல, வழி சொல்லுங்க

அப்பாவின்_கார்:

வணக்கம். ஒரு வாரமா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். அப்பா ஓட்டின பழைய கார், நாலு சிலிண்டர் பெட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டர்ல (ஸ்பார்க்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பற டப்பா) பாயிண்ட் வச்ச பழைய சிஸ்டம். அவர் போனதுக்கப்புறம் ஏழு வருஷமா ஷெட்ட விட்டு நகரவே இல்ல. எப்படியாவது ஓட வைக்கணும், அந்த எஞ்சின் சத்தத்த மறுபடி கேக்கணும், அவ்ளோதான் ஆசை.

இதுவரைக்கும் பண்ணது என்னன்னா, பழைய பெட்ரோல இறக்கி டேங்க் கழுவி புதுசு ஊத்தியாச்சு, கார்புரேட்டர பிரிச்சு ஜெட் எல்லாம் ஊதி சுத்தம் பண்ணியாச்சு, பிளக் குழில கொஞ்சம் ஆயில் விட்டு கையால சுத்திப் பாத்தேன், எஞ்சின் ஜாம் ஆகல, லேசா சுத்துது. பேட்டரி புதுசு, 12.6 வோல்ட் காட்டுது. செல்ஃப் நல்லா அடிக்குது. முதல்ல பிளக்க கழட்டி பிளாக்ல வச்சு பாத்தப்போ மஞ்சளா ரொம்ப லேசா ஒரு ஸ்பார்க் வந்துச்சு, அதுவும் விட்டு விட்டு. எல்லாம் பழசுதானே, மாத்திட்டா சரியாயிடும்னு பாயிண்ட், கண்டன்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்தற ரோட்டர், அது மேல மூடற கேப், பிளக், பிளக் ஒயர் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினேன். இப்போ அந்த மஞ்ச ஸ்பார்க்கும் போச்சு. சுத்தமா ஒண்ணுமே இல்ல.

பாயிண்ட் கேப், அதாவது திறந்த பாயிண்ட்டோட இடைவெளி, ஃபீலர் கேஜ் விட்டு 0.4 மி.மீ வச்சிருக்கேன், பிளக் கேப் 0.65. மல்டிமீட்டர் இருக்கு, பல்பு வச்ச டெஸ்ட் லேம்ப் ஒண்ணும் இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

நாலுசிலிண்டர்:

டிஸ்ட்ரிபியூட்டர வெளிய எடுத்தீங்களா? எடுத்து மாட்டும்போது 180 டிகிரி திரும்பி உக்காந்திருந்தா எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. பிளக் ஒயர் வரிசையும் ஒரு தடவை பாருங்க, சிலிண்டர் அடிக்கற வரிசை 1-3-4-2 தானே உங்க எஞ்சினுக்கு?

அப்பாவின்_கார்:

டிஸ்ட்ரிபியூட்டர எடுக்கல, கேப்ப மட்டும் கழட்டி உள்ள வேலை பாத்தேன். வரிசை 1-3-4-2 தான், மேனுவல்ல பாத்து மாட்டினேன்.

பழையஸ்பேனர்:

தம்பி, டைமிங், ஒயர் வரிசை எல்லாத்தையும் இப்போதைக்கு ஓரமா வைங்க. அது தப்பா இருந்தா ஸ்பார்க் தப்பான நேரத்துல வரும், வராம இருக்காது. உங்களுக்கு ஸ்பார்க்கே இல்ல. அப்போ பிரச்சனை பேட்டரிக்கும் காயிலுக்கும் பாயிண்ட்டுக்கும் நடுவுலதான். பிளக்குல இருந்து பின்னாடி வராதீங்க, பேட்டரில இருந்து முன்னாடி போங்க.

ஒண்ண மட்டும் மனசுல வாங்கிக்கோங்க, மீதி எல்லாம் தானா புரியும். காயிலுக்குள்ள பிரைமரி, செகண்டரின்னு ரெண்டு கம்பிச் சுத்து இருக்கு. பிரைமரில சாவி வழியா கரண்ட் வந்து மைனஸ் டெர்மினல் வழியா பாயிண்ட்டுக்கு போயி, பாயிண்ட் மூடியிருக்கும்போது எர்த் ஆகும். அப்போ காயில்ல காந்தம் சேரும். பாயிண்ட் திறக்கற அந்த கணத்துல கரண்ட் படார்னு அறுபடும், காந்தம் சரியும், அந்த சரிவுலதான் செகண்டரில 15,000, 20,000 வோல்ட்னு எகிறும். அதாவது பாயிண்ட் மூடும்போது ஸ்பார்க் இல்ல, திறக்கும்போதுதான் ஸ்பார்க். கெட்டரிங்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடிச்சு 1910 மாடல் காடிலாக் கார்ல வந்த முறை, அதுக்கப்புறம் பல பத்து வருஷத்துக்கு உலகத்துல பெரும்பாலான பெட்ரோல் கார் இதுலதான் ஓடுச்சு. ரொம்ப எளிமையான சமாச்சாரம், அதனாலதான் ஒரு பல்ப வச்சே முழுசா கண்டுபிடிச்சிடலாம்.

இப்போ செய்ய வேண்டியது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்ப கழட்டுங்க, சாவிய ஆன் பண்ணுங்க. டெஸ்ட் லேம்ப்போட கிளிப்ப எஞ்சின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத நல்ல இரும்புல மாட்டுங்க. மொதல்ல லேம்ப்ப நேரா பேட்டரி பிளஸ்ல தொட்டு எவ்ளோ வெளிச்சமா எரியுதுன்னு பாத்து வச்சுக்கோங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். அடுத்து காயில் பிளஸ்ல தொடுங்க, எரியணும். எரியலன்னா சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், ஒயர். எரிஞ்சா காயில் மைனஸ்ல தொடுங்க. எஞ்சின கையால மெதுவா சுத்துங்க, பாயிண்ட் திறந்தா லேம்ப் எரியணும், மூடினா அணையணும்.

எப்பவுமே எரியுதுன்னா பாயிண்ட் எர்த் கொடுக்கல, அழுக்கோ ஆயிலோ புது பாயிண்ட் மேல இருக்கற துரு தடுக்கற பூச்சோ நடுவுல நிக்குது. எப்பவுமே எரியலன்னா பாயிண்ட் திறந்திருந்தும் எங்கயோ எர்த் ஆயிக்கிட்டே இருக்கு, இல்லன்னா காயில் பிரைமரி அறுந்திருக்கு. ரெண்டுல எதுன்னு மட்டும் வந்து சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. சாவிய ஆன்ல போட்டுட்டு அப்படியே விட்டுட்டு போயிடாதீங்க. பாயிண்ட் மூடியிருந்தா காயில் வழியா சுமார் 4 ஆம்பியர் ஓடிக்கிட்டே இருக்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல காயில் கை வைக்க முடியாத அளவுக்கு கொதிச்சிடும். வேலை முடிஞ்சா சாவிய எடுத்திடுங்க. பக்கத்துல பெட்ரோல் கேன், நனைஞ்ச துணி எதுவும் இருக்கக் கூடாது.

லூஸ்கனெக்‌ஷன்:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், பாயிண்ட்ட தூக்கி போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டுக்கோங்க. நான் போட்டு ஆறு வருஷம் ஆகுது, கேப் பாக்கற வேலையே இல்ல, ஒரு தடவை கூட ரோட்ல நிக்கல.

பழையஸ்பேனர்:

மாட்யூல் நல்ல பொருள்தான், நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனா இப்போ வேண்டாம். அது ஒயரிங்ல இருக்கற பழுத சரி பண்ணாது, அதே ஒயர்ல இருந்துதான் அதுக்கும் கரண்ட் வரணும். ஏற்கெனவே ஏழு பொருள ஒண்ணா மாத்தி எது காரணம்னு தெரியாம நிக்கறாரு, எட்டாவதா இன்னொண்ணு சேத்தா இன்னும் குழம்பிடும். முதல்ல பாயிண்ட்லயே ஓடட்டும், அப்புறம் விருப்பம் இருந்தா மாத்திக்கலாம்.

அப்பாவின்_கார்:

அண்ணா நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். காயில் பிளஸ்ல லேம்ப் எரியுது, ஆனா பேட்டரில தொட்டப்போ இருந்த வெளிச்சம் இல்ல, கொஞ்சம் மங்கலா இருக்கு. காயில் மைனஸ்ல எரியவே இல்ல. எஞ்சின முழுசா ரெண்டு சுத்து சுத்தினேன், பாயிண்ட் திறந்து மூடறது கண்ணுக்கு நல்லா தெரியுது, ஆனா லேம்ப் ஒரு தடவை கூட எரியல. பாயிண்ட்டுக்கு நடுவுல ஒரு விசிட்டிங் கார்ட சொருகி வச்சும் பாத்தேன், அப்பவும் எரியல.

பாயிண்ட்கேப்:

கார்டு சொருகிப் பாத்தது நல்ல யோசனை, அதுலயே பாதி விடை வந்துடுச்சு. கார்டு நடுவுல இருக்கும்போது பாயிண்ட் வழியா எர்த் ஆக வழியே இல்ல, அப்படியும் எர்த் ஆகுதுன்னா பாயிண்ட்ட தாண்டி வேற வழில போகுது.

இப்போ காயில் மைனஸ்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற ஒயர காயில் பக்கம் கழட்டிட்டு, காலியா இருக்கற மைனஸ் டெர்மினல்ல லேம்ப் வச்சு பாருங்க. எரிஞ்சா காயில் பிரைமரி நல்லா இருக்கு, பழுது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள. அப்புறம் ஒயர திரும்ப மாட்டிட்டு, கார்ட பாயிண்ட்ல வச்சபடியே, கண்டன்சர் ஒயர மட்டும் கழட்டி எங்கயும் படாம தூக்கிப் பிடிச்சு பாருங்க. லேம்ப் எரிஞ்சா கண்டன்சர் ஷார்ட். எரியலன்னா மிச்சம் ரெண்டுதான், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு வழியா உள்ள நுழையற இடத்துல ஒயரோட ரப்பர் தேஞ்சு இரும்புல படறது, இல்லன்னா பாயிண்ட் மாட்டற ஆணில இன்சுலேஷன் வாஷர் மாறிப் போனது.

நான் பந்தயம் கட்டுவேன், வாஷர்தான். பாயிண்ட் புதுசா மாத்தினதும் ஸ்பார்க் சுத்தமா போச்சுன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அதுதான் இருக்கும். அந்த இடத்த நல்லா பக்கத்துல வச்சு பாருங்க. சின்னதா ஒரு ஆணி நிக்கும், அது கீழ தட்டோட சேந்தது, அதாவது எர்த். அது மேல பிளாஸ்டிக்ல தொப்பி மாதிரி ஒரு புஷ் வரும், நடுவுல குழாய், சுத்தி விளிம்பு. அசையற பாயிண்ட்டோட ஸ்பிரிங் நுனி, காயில்ல இருந்து வர ஒயரோட டேக், கண்டன்சர் ஒயரோட டேக், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு அந்த பிளாஸ்டிக் குழாய சுத்தித்தான் உக்காரணும், ஆணியையும் தொடக்கூடாது, மேல வர்ற நட்டையும் தொடக்கூடாது, கீழ தட்டையும் தொடக்கூடாது. டேக் ஒண்ணு புஷ்ஷுக்கு மேல போயி நட்டுக்கு அடில மாட்டிக்கிச்சுன்னா நட்டு வழியா ஆணி, ஆணி வழியா தட்டு, கதை முடிஞ்சுது. வெளிய பாத்தா எல்லாம் அழகா டைட்டா இருக்கற மாதிரியே தெரியும்.

சில டிசைன்ல ஆணியே கிடையாது, ஸ்பிரிங்க லேசா அமுக்கி பிளாஸ்டிக் துண்டுல டேக்க கொக்கி மாதிரி மாட்டணும். அதுலயும் டேக் நுனி வளைஞ்சு டிஸ்ட்ரிபியூட்டர் சுவத்துல இடிக்கும், பாத்துக்கோங்க.

அப்பாவின்_கார்:

பாயிண்ட்கேப் சார், அப்படியே நீங்க எழுதின மாதிரியே இருந்துச்சு!! மைனஸ்ல ஒயர கழட்டினதும் லேம்ப் எரிஞ்சுது. கண்டன்சர் ஒயர கழட்டிப் பாத்தேன், மாத்தம் இல்ல. அப்புறம் நட்ட கழட்டி பாத்தா கண்டன்சர் டேக் பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு மேல நேரா நட்டுக்கு அடில இருக்கு, காயில் ஒயர் டேக் கீழ சரியா இருக்கு, ஆனா கண்டன்சர் டேக்கோட நுனி வளைஞ்சு அதையும் தொட்டுக்கிட்டு இருக்கு. கண்டன்சர் ஒயர கழட்டிப் பாத்தப்போ ஏன் எரியலன்னு யோசிச்சேன், நான் ஒயர கண்டன்சர் பக்கம் கழட்டிட்டு டேக்க அப்படியே விட்டிருக்கேன், டேக் அங்கயே எர்த் ஆயிக்கிட்டு இருந்திருக்கு.

எல்லாத்தையும் வரிசையா வச்சு மாட்டினேன். இப்போ பாயிண்ட் திறந்தா லேம்ப் எரியுது, மூடினா அணையுது, எவ்ளோ தடவை சுத்தினாலும் மாறாம வருது. அத பாத்தப்போ வந்த சந்தோஷம் சொல்ல முடியல.

ஆனா ஸ்பார்க் வந்துடுச்சே தவிர மறுபடி அதே மஞ்ச ஸ்பார்க்தான். செல்ஃப் அடிச்சா ரெண்டு தடவை இருமற மாதிரி சத்தம் வருது, பிடிக்க மாட்டேங்குது.

பழையஸ்பேனர்:

நல்லது தம்பி, பெரிய படி தாண்டிட்டீங்க. இனிமே ஸ்பார்க் எப்படி இருக்குன்னு பாக்க செல்ஃப் அடிக்க வேண்டாம். கேப்ப கழட்டி பாயிண்ட் மூடியிருக்கற நிலைல எஞ்சின நிறுத்துங்க. காயில் நடுவுல இருந்து வர்ற தடி ஒயர கேப்புல இருந்து உருவி, நுனிய பிளாக்ல இருந்து 6 மி.மீ தூரத்துல நிக்கிற மாதிரி வைங்க, பிடிக்கறதுன்னா ரப்பர் பிடி போட்ட கொறட்டால பிடிங்க, கையால வேண்டாம். சாவி ஆன் பண்ணி, பிளாஸ்டிக் குச்சியால பாயிண்ட்ட டக்குனு தள்ளி திறங்க. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நீலமா தடிமனா சத்தத்தோட குதிக்கணும், காதுல படார்னு கேக்கணும். ஒயர எங்கயோ தூரமா தொங்க விட்டு மட்டும் செய்யாதீங்க, போக வழி இல்லாத வோல்டேஜ் காயிலுக்குள்ளயே ஓட்டை போட்டுக்கிட்டு போயிடும்.

அப்புறம் போன பதிவுல நீங்க ஒண்ணு எழுதினீங்க, காயில் பிளஸ்ல லேம்ப் மங்கலா எரியுதுன்னு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மைனஸ் ஒயர கழட்டினப்போ பிளஸ்லயும் லேம்ப் வச்சு பாத்தீங்களா, பளிச்சுனு எரிஞ்சுதா? பழைய காயில் இன்னும் வச்சிருக்கீங்களா? இருந்தா பழசு, புதுசு ரெண்டையும் ஒயர் எல்லாம் கழட்டிட்டு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல எத்தன ஓம் வருதுன்னு அளந்து சொல்லுங்க. மீட்டர் முனை ரெண்டையும் ஒண்ணா தொட்டா வர்ற அளவ கழிச்சுக்கோங்க, சின்ன அளவுல அது பெரிய வித்தியாசம் காட்டும்.

அப்பாவின்_கார்:

இப்போ பாத்தேன். ஆமா, மைனஸ் ஒயர் இல்லாதப்போ பிளஸ்ல பேட்டரில மாதிரியே பளிச்சுனு எரியுது, ஒயர் மாட்டி பாயிண்ட் மூடினா மங்குது. நான் சாவி ஸ்விட்ச் உள்ள துரு இருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பழைய காயில் 1.5 ஓம். புதுசு 3.2 ஓம். புதுசுல 12 வோல்ட்னுதான் போட்டிருக்கு, அதனால சரின்னு வாங்கிட்டேன்.

பழையஸ்பேனர்:

அதேதான். உங்க காயில் தப்பில்ல, உங்க காருக்குத்தான் அது தப்பு.

உங்க கார்ல சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. சில கார்ல வெள்ள பீங்கான்ல காயில் பக்கத்துலயே தெரியும், சில கார்ல ஒயரிங்குக்குள்ளயே நீளமா ரெசிஸ்டன்ஸ் ஒயரா ஓடும், வெளிய ஒண்ணும் தெரியாது. சுமார் ஒன்றரை ஓம் இருக்கும். அதுக்கு ஜோடிதான் அந்த 1.5 ஓம் காயில், ரெண்டும் சேந்து 3 ஓம் சொச்சம். ரெசிஸ்டன்ஸ் இல்லாத கார்ல காயிலே 3 ஓம் இருக்கும். எதுக்கு இப்படி பிரிச்சாங்கன்னா, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு எறங்கிடும். அந்த நேரத்துல மட்டும் ஸ்டார்ட்டர் சோலனாய்டுல இருந்து தனியா ஒரு ஒயர் ரெசிஸ்டன்ஸ தாண்டி நேரா காயிலுக்கு பேட்டரி வோல்டேஜ கொடுக்கும். 1.5 ஓம் காயிலுக்கு ஒன்பதரை வோல்ட் வந்தா 6 ஆம்பியர் பக்கம் போகும், நல்ல தடி ஸ்பார்க் வரும், குளிர்ந்த எஞ்சின் பிடிச்சுக்கும். பிடிச்சதும் சாவிய விட்டா ரெசிஸ்டன்ஸ் வழியா ஓடி காயில் சூடாகாம இருக்கும்.

நீங்க 3.2 ஓம் காயில் போட்டதால செல்ஃப் அடிக்கும்போது 3 ஆம்பியர்தான், பாதி. அதுலதான் இந்த மஞ்ச ஸ்பார்க்.

பழைய காயிலயே திரும்ப மாட்டுங்க. என் எண்ணம், ஏழு வருஷம் நின்னதுல பாயிண்ட் முகத்துல ஆக்ஸைடு படிஞ்சு அப்போ ஸ்பார்க் லேசா வந்திருக்கு, காயில் அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். இத மாத்தி பண்றவங்களும் உண்டு, ரெசிஸ்டன்ஸ் இல்லாத கார்ல 1.5 ஓம் காயில போட்டுட்டு பாயிண்ட் ரெண்டாயிரம் கிலோமீட்டர்லயே கருகுது, காயில் கொதிக்குதுன்னு வருவாங்க.

லூஸ்கனெக்‌ஷன்:

இந்த ரெசிஸ்டன்ஸ் பத்தி என் அனுபவம் ஒண்ணு சொல்றேன், யாருக்காவது உதவும். என் வண்டி செல்ஃப் அடிச்சா உடனே பிடிக்கும், சாவிய விட்ட அடுத்த நொடி ஆஃப் ஆயிடும். மறுபடி அடிச்சா மறுபடி பிடிக்கும், விட்டா ஆஃப். மூணு நாள் பெட்ரோல் லைன், கார்புரேட்டர்னு பிரிச்சு மேஞ்சேன். கடைசில பாத்தா அந்த பீங்கான் ரெசிஸ்டன்ஸ் உள்ள அறுந்து போயிருக்கு. செல்ஃப் அடிக்கும்போது தனி ஒயர்ல கரண்ட் வர்றதால ஓடுது, சாவிய விட்டா காயிலுக்கு கரண்டே இல்ல. சாவிய விட்டதும் நிக்குதுன்னா கார்புரேட்டர தொடறதுக்கு முன்னாடி காயில் பிளஸ்ல லேம்ப் வைங்க.

பாயிண்ட்கேப்:

ஒரு வேளை பழைய காயில் போட்டு காயில் ஒயர்ல நீல ஸ்பார்க் வந்து பிளக்குல மட்டும் வரலன்னா ரோட்டர பாருங்க. கேப் கழட்டின நிலைல, ரோட்டர அதோட இடத்துலயே விட்டுட்டு, காயில் ஒயர் நுனிய ரோட்டரோட மேல் பித்தளைக்கு 3, 4 மி.மீ மேல பிடிச்சு பாயிண்ட்ட தள்ளித் திறங்க. ரோட்டருக்கு ஸ்பார்க் குதிக்கக் கூடாது. குதிச்சா அந்த கரண்ட் ரோட்டர் பிளாஸ்டிக்க தாண்டி கீழ ஷாஃப்ட்டுக்கு எர்த் ஆகுது. கண்ணுக்கு தெரியற வெடிப்பு இருக்காது, உள்ள ரிவெட் பக்கம் மெல்லிசா ஒரு வழி பண்ணிக்கும். புது ரோட்டர்லயும் இத பாத்திருக்கேன், அதனால புதுசுன்னு நம்பிடாதீங்க. பழைய ரோட்டர், பழைய கேப் எதையும் இப்போதைக்கு தூக்கிப் போடாதீங்க.

கேப் உள்ள நடுவுல ஸ்பிரிங் வச்ச கார்பன் குச்சி இருக்கும், விரலால அமுக்கினா உள்ள போயி வெளிய வரணும். உள் சுவத்துல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பு கோடு இருந்தா அது ஸ்பார்க் ஓடின தடம், அந்த கேப் வேலைக்கு ஆகாது.

அப்பாவின்_கார்:

பழைய காயில மாட்டிட்டேன். பாயிண்ட்ட தள்ளினதும் படார்னு சத்தம், நீல ஸ்பார்க், 6 மி.மீ சாதாரணமா தாண்டுது. ரோட்டர்ல குதிக்கல, நல்லா இருக்கு. கேப்ல கார்பன் குச்சி சரியா இருக்கு.

ரொம்ப ஆசையா செல்ஃப் அடிச்சேன். பிடிக்கற மாதிரி வந்துச்சு, தடதடன்னு வண்டியே குலுங்குச்சு, கார்புரேட்டர் வழியா டப்பு டப்புன்னு வெடிச்சு நின்னுடுச்சு. ரெண்டு சிலிண்டர் மட்டும் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. கார்புரேட்டர் வாய்ல தீ ஜுவாலை ஒரு கணம் தெரிஞ்சுது, பயந்து நிறுத்திட்டேன்.

நாலுசிலிண்டர்:

நிறுத்தினது சரி. ஏர் ஃபில்டர மாட்டிட்டுத்தான் இனிமே அடிங்க, பக்கத்துல தீ அணைப்பான் ஒண்ணு வச்சுக்கோங்க.

இப்போதான் என் கேள்விக்கு நேரம் வந்திருக்கு. 1-3-4-2 ன்னு மாட்டினேன்னு சொன்னீங்க. எந்தப் பக்கமா சுத்தி மாட்டினீங்க? ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கண்ணால பாத்தீங்களா? எல்லா எஞ்சின்லயும் கடிகார முள் பக்கம் சுத்தாது, நிறைய எஞ்சின்ல எதிர்ப்பக்கம்தான். வரிசை ரோட்டர் சுத்தற பக்கமா போகணும். எதிர்ப்பக்கமா மாட்டிட்டா எஞ்சினுக்கு அது 1-2-4-3 ஆயிடும். அப்போ 1ம் 4ம் சரியான இடத்துலயே இருக்கும், 2ம் 3ம் மட்டும் இடம் மாறியிருக்கும். ரெண்டு சிலிண்டர் அடிக்கும், மத்த ரெண்டுல தப்பான நேரத்துல ஸ்பார்க் வந்து கார்புரேட்டர் வழியா வெடிக்கும். நீங்க சொல்றது அச்சு அசல் அதே மாதிரி இருக்கு.

அதோட ஒண்ணாம் சிலிண்டர் டாப்ல நிக்கும்போது ரோட்டர் கேப்ல பிளக் ஒயர் சொருகற எந்த டவர பாக்குதுன்னும் பாத்திடுங்க. ஒண்ணாம் பிளக்க கழட்டி குழில கட்ட விரல வச்சுக்கிட்டு எஞ்சின கையால சுத்துங்க, காத்து விரல தள்ளும், அதுதான் கம்ப்ரஷன். தள்ளிக்கிட்டு இருக்கும்போதே புல்லில இருக்கற டைமிங் மார்க் வந்து நிக்கணும். அந்த நிலைல ரோட்டர் பாக்கற டவர்தான் ஒண்ணு. மார்க் மட்டும் பாத்து நிறுத்தினா போதாது, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல அந்த மார்க் ரெண்டு சுத்துல ரெண்டு தடவை வரும், ஒண்ணுதான் கம்ப்ரஷன்.

பழையஸ்பேனர்:

அது கூடவே டைமிங்கும் வச்சிடுங்க, லேம்ப் ஏற்கெனவே கைல இருக்கு. எஞ்சின கம்ப்ரஷன் பக்கம் மேனுவல்ல சொன்ன டிகிரி மார்க்ல நிறுத்துங்க. லேம்ப்ப காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மாட்டுங்க, சாவி ஆன். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் நட்ட லேசா தளத்தி, பாயிண்ட் மூடற வரைக்கும், அதாவது லேம்ப் அணையற வரைக்கும் ரோட்டர் சுத்தற பக்கமாவே டிஸ்ட்ரிபியூட்டர் உடம்ப திருப்புங்க. அப்புறம் எதிர்ப்பக்கமா ரொம்ப மெதுவா திருப்பிக்கிட்டே வந்து லேம்ப் எரியற அந்த நொடில நிறுத்தி நட்ட இறுக்குங்க. இறுக்கும்போது அசைஞ்சுதான்னு எஞ்சின முழுசா ரெண்டு சுத்து சுத்திக் கொண்டு வந்து மறுபடி பாருங்க, மார்க் வரும்போதே லேம்ப் எரியணும்.

இதுக்கு முன்னாடி பாயிண்ட் கேப்ப இன்னொரு தடவை சரி பாத்துக்கோங்க. கேப் கூடினா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைஞ்சா லேட் ஆகும். அதனால எப்பவும் கேப் முதல்ல, டைமிங் அப்புறம்.

அப்பாவின்_கார்:

ஓடுது!!!

ரோட்டர் எதிர்ப்பக்கம்தான் சுத்துது, 2ம் 3ம் மாறித்தான் இருந்துச்சு. மாத்தி மாட்டினேன். டைமிங் லேம்ப் வச்சு பாத்தேன், கொஞ்சம் லேட்டா இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே வச்சேன். சோக் இழுத்து செல்ஃப் அடிச்சேன், ரெண்டாவது தடவை பிடிச்சுக்கிச்சு. ஏழு வருஷம் கழிச்சு. கொஞ்ச நேரம் புகை, விட்ட ஆயில் எல்லாம் எரியற வரைக்கும், அப்புறம் சோக்க உள்ள தள்ளினதும் அப்படியே அமைதியா ஐடிலிங்ல நின்னுச்சு. அம்மா சத்தம் கேட்டு வெளிய ஓடி வந்துட்டாங்க, ஒண்ணும் பேசல, பானட் மேல கை வச்சுக்கிட்டு நின்னாங்க.

இருபது நிமிஷம் ஓட விட்டேன். காயில தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருக்கு, கொதிக்கல. இன்னும் ஒண்ணு கேக்கணும், புது கண்டன்சர அப்படியே விடலாமா, பழசு நல்லா இருந்தா அதையே போட்டுடவா?

பாயிண்ட்கேப்:

படிச்சு ரொம்ப சந்தோஷமா இருக்கு. கண்டன்சர பாயிண்ட்டே சொல்லும். அது சுமார் 0.2 மைக்ரோ ஃபேரட்தான், ஆனா பாயிண்ட் திறக்கற நொடில பிரைமரில எகிறற 200, 300 வோல்ட்ட அதுதான் வாங்கிக்குது. அது இல்லன்னா கரண்ட் சட்டுனு அறுபடாம பாயிண்ட் நடுவுல பொறியா ஓடும், ஸ்பார்க்கும் செத்துப்போகும், பாயிண்ட்டும் கருகும். இந்த எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல ஓடினா பாயிண்ட் நிமிஷத்துக்கு 6000 தடவை திறந்து மூடுது, யோசிச்சுப் பாருங்க. எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்ட பாக்க முடியாது, ஆனா சாயந்தரம் இருட்டினதும் கேப்ப கழட்டிட்டு சாவி ஆன் பண்ணி, காயில் ஒயர் நுனிய அதே 6 மி.மீல வச்சபடி, பாயிண்ட்ட குச்சியால தள்ளிப் பாருங்க. பொடிசா ஒரு மினுக்கு வந்தா சரி. நல்லா நீலமா, சடசடன்னு பொறி வந்தா கண்டன்சர் போச்சு.

பழசையும் எடை போட்டுடாதீங்க. பழசோட ஒயர் நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல மீட்டர் பெரிய ஓம் ரேஞ்ச்ல வைங்க, எண் ஏறி ஏறி கடைசில ஓபன் காட்டினா ஷார்ட் இல்ல, லீக் இல்ல. கண்டன்சர் அளக்கற வசதி உங்க மீட்டர்ல இருந்தா அளவையும் பாத்துடுங்க. நல்லா இருந்தா பொட்டலம் கட்டி கார்லயே வைங்க, வழில நின்னா பத்து நிமிஷத்துல மாத்திக்கலாம்.

இன்னொண்ணு, கேம்ல அரிசி மணி அளவு கிரீஸ் வைங்க, அதுக்கு மேல வேண்டாம், தெறிச்சு பாயிண்ட் முகத்துல ஒட்டும். புது பாயிண்ட்டோட அந்த பிளாஸ்டிக் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டர்ல தேஞ்சு உக்காரும், கேப் தானா குறையும். அப்போ மறுபடி 0.4க்கு வச்சு டைமிங்கையும் பாத்துடுங்க.

அப்பாவின்_கார்:

பழைய கண்டன்சர் மீட்டர்ல 0.21 காட்டுது, ஓம்ல ஓபன். புதுசு 0.23. ராத்திரி பாயிண்ட்ட தள்ளிப் பாத்தேன், சின்ன மினுக்குதான். புதுசயே விட்டுட்டேன், பழசையும் பழைய ரோட்டரையும் அப்பாவோட டூல் பெட்டில துணில சுத்தி வச்சிருக்கேன். பெட்டிக்கு அடில அவர் கையெழுத்துல ஒரு அட்டை இருந்துச்சு, "பாயிண்ட் 16 தௌ, ரோட்டர் இடப்பக்கம் சுத்தும்"னு எழுதியிருக்கு, 16 தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல 16 பங்கு, நான் வச்ச அதே 0.4 மி.மீ. அந்த அட்டைய இப்போ பானட் உள்பக்கம் ஒட்டிட்டேன். அடுத்த வாரம் பிரேக் வேலை ஆரம்பிக்கறேன், வீல் சிலிண்டர் நாலும் ஒழுகுது, அதுக்கு தனியா கேக்கறேன்.